இரண்டாவது ராபினை நமக்குப் பிடிக்க வைத்தவர்கள்

அமெரிக்க காமிக்ஸ் உலகில் ஒரு பாத்திரத்தைப் படைத்தவரே கடைசிவரை எழுதுவது அரிது. பாத்திரம் பதிப்பகத்துக்குச் சொந்தம்; இதழ் மாதந்தோறும் வந்தாக வேண்டும்; ஆகவே ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்குவார், சில ஆண்டுகளில் அவரும் விலகிக்கொள்ள மூன்றாமவர் வருவார். இப்படிக் கை மாறியதால் கெட்டுப்போன நல்ல பாத்திரங்களைப் பற்றி வாசகர்கள் நிறையவே புலம்பியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அதற்கு நேரெதிரான ஒன்றைப் பற்றி: வாசகர்கள் வெறுத்து ஒதுக்கிய ஒரு சிறுவனைப் பின்னால் வந்த எழுத்தாளர்கள் கையிலெடுத்து, பலரும் உயிரையே வைத்திருக்கும் பாத்திரமாக ஆக்கியதைப் பற்றி. பேட்மேனோடு சேர்ந்து குற்றவாளிகளை எதிர்க்கும் ராபின் என்ற துணைச்சிறுவனின் வேடத்தை இரண்டாவதாக ஏற்ற ஜேசன் டாட்தான் அவன். எந்தக் குணத்துக்காக அவன் வெறுக்கப்பட்டானோ அந்தக் குணத்தையே பிடித்துக்கொண்டுதான் அவனை மேலே தூக்கினார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜேசன் 1983 இல் அறிமுகமானான். முதல் ராபினான டிக் கிரேசன் 1940 முதல் பேட்மேனோடு இருந்தவன். அவன் வளர்ந்து, தன் வயதொத்த நாயகர்களின் குழுவுக்குத் தலைவனாகி, தனி வழியில் போய்விட்ட பிறகும், பேட்மேனின் பக்கத்தில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு சிறுவன் நிற்பதை விட்டுக்கொடுக்க டிசி பதிப்பகத்துக்கு மனம் வரவில்லை. எழுத்தாளர் ஜெர்ரி கான்வேயும் ஓவியர் டான் நியூட்டனும் சேர்ந்து உருவாக்கிய ஜேசன், டிக்கைப் போலவே சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை. டிக்கின் பெற்றோரைப் போலவே அவனுடைய பெற்றோரும் ஊஞ்சலில் சாகசம் செய்பவர்கள். அவர்களைப் போலவே ஒரு குற்றவாளியின் கையால் இறந்தவர்கள். செம்பட்டையாக இருந்த அவனது முடிகூட ராபின் ஆவதற்காகக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டது. இந்த ஜேசன்மீது யாருக்கும் பெரிய கோபம் இருந்திருக்க முடியாது. நகலைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை, அசலைத்தான் தேடுவார்கள்.

1980களின் நடுவில் டிசி தன் கதையுலகம் முழுவதையும் கலைத்து மறுபடி அடுக்கியபோது ஜேசனுக்கும் புதிய பிறப்புக் கிடைத்தது. 1987 இல் வெளிவந்த பேட்மேன் 408 ஆம் இதழில் மேக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுதிய அறிமுகம் எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று. பேட்மேன் தன் பெற்றோர் கொல்லப்பட்ட சந்தில் காரை நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பி வந்து பார்க்கிறார்; பேட்மொபைலின் டயர்கள் காணாமல் போயிருக்கின்றன. கழற்றியவன் ஒரு தெருச்சிறுவன். பிடிக்க வந்த பேட்மேனையே டயர் கழற்றும் இரும்பால் அடித்துவிட்டு ஓடப் பார்க்கிறான். கோதம் நகரமே பெயரைக் கேட்டு நடுங்கும் ஒருவரின் காரில் கைவைத்த அந்தத் துணிச்சலும், அதற்குப் பின்னால் இருக்கும் பசியும், இரண்டு மூன்று பக்கங்களிலேயே தெரிந்துவிடுகின்றன. டூ-ஃபேஸ் என்ற வில்லனின் அடியாளாக இருந்து அவனாலேயே கொல்லப்பட்ட தந்தை, இறந்துபோன தாய், ஆளில்லாத குடியிருப்பில் தனி வாழ்க்கை. இவ்வளவு நல்ல விதை போடப்பட்ட பிறகும் அவன் ஏன் வெறுக்கப்பட்டான் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அடுத்து வந்த ஜிம் ஸ்டார்லினுக்கு ராபின் என்ற கருத்தே பிடிக்காது. அதை அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். குற்றவாளிகளோடு மோத ஒரு சிறுவனைப் பளிச்சென்ற உடையில் கூட்டிப்போவது அவருக்கு அபத்தமாகப் பட்டது. நியாயமான எண்ணம்தான். ஆனால் தனக்குப் பிடிக்காத பாத்திரத்தை மாதாமாதம் எழுதும்போது அந்த வெறுப்பு எழுத்தில் இறங்காமல் போகாது. அவர் கையில் ஜேசன் சொல்பேச்சு கேட்காதவனாக, அவசரக்காரனாக, எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கிக்கொள்பவனாக ஆனான். டிக் கிரேசனின் இடத்தில் வந்து உட்கார்ந்தவன் என்ற குறை ஏற்கெனவே இருந்தது. இப்போது உட்காரத் தகுதியில்லாதவன் என்ற குறையும் சேர்ந்துகொண்டது.

1988 இல் வந்த 424 ஆம் இதழைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு வெளிநாட்டுத் தூதரின் மகன் ஃபெலிப்பே ஒரு பெண்ணைக் கொடூரமாகப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறான். தந்தையின் பதவி தரும் சட்டப் பாதுகாப்பினால் அவனை யாரும் தொட முடியவில்லை. அவன் மீண்டும் மிரட்டியதில் அந்தப் பெண் தூக்கிட்டு இறந்துபோகிறாள். உடலை முதலில் பார்ப்பவன் ஜேசன். அவன் ஃபெலிப்பேயின் வீட்டுக்கு விரைகிறான். பின்னாலேயே வரும் பேட்மேன் காண்பது, மாடியிலிருந்து ஃபெலிப்பே கீழே விழுந்துகொண்டிருப்பதையும் மேலே ராபின் நிற்பதையும் மட்டுமே. விழுந்தானா, தள்ளினாயா என்று அவர் கேட்கிறார். தன்னைப் பார்த்து அரண்டு போய்க் கால் தவறியிருப்பான் என்ற பொருளில் ஜேசன் பதில் சொல்கிறான். உண்மை என்ன என்று கதை சொல்லவில்லை. அந்தக் காலத்து வாசகர்களில் பலருக்கு இது ராபின் செய்யக்கூடாத செயல். அவன் கொலைகாரன் ஆகிவிட்டான். இன்று இதே பக்கத்தை வாசிப்பவர்களில் பலரும் அந்தச் சிறுவனின் பக்கம் சாய்கிறார்கள். பக்கத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. பிறகு வந்த எழுத்து நம்மை வேறு இடத்தில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டது.

அதே ஆண்டு அந்த வாக்கெடுப்பு நடந்தது. பதிப்பாசிரியர் டென்னிஸ் ஓ'நீல் ராபினின் உயிரை வாசகர்களின் கையில் கொடுத்தார். 427 ஆம் இதழ் ஒரு குண்டுவெடிப்போடு முடிந்தது. பின்னட்டையில் இரண்டு தொலைபேசி எண்கள், ஒன்று அவன் பிழைக்க, மற்றொன்று சாக. ஒரு அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். செப்டம்பர் 15, 16 ஆகிய இரண்டு நாட்களில் வந்த 10,614 அழைப்புகளில் சாக வேண்டும் என்றவை 5,343, பிழைக்க வேண்டும் என்றவை 5,271. வித்தியாசம் 72. ஒரே ஆள் கணினி வழியாகத் திரும்பத் திரும்ப அழைத்ததாகத் தான் கேள்விப்பட்டதை ஓ'நீல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது உண்மையோ இல்லையோ, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் ஒரு சிறுவனைக் காப்பாற்றவும் வந்திருக்கின்றன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லோரும் வெறுத்த பாத்திரம் என்று அவனைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அவன் இறக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். தன்னை வளர்த்து இறந்துபோனவள் பெற்ற தாய் அல்ல, பெற்றவள் உயிரோடு இருக்கிறாள் என்று அறிந்து, தேடிப்போய், எத்தியோப்பியாவில் அவளைக் கண்டுபிடிக்கிறான். தன் திருட்டுத்தனம் வெளியே தெரியாமலிருக்க அவள் அவனைப் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கரிடம் காட்டிக்கொடுக்கிறாள். ஜோக்கர் கடப்பாரையால் அவனை அடிக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிகரெட் புகைக்கிறாள். அதற்குப் பிறகும், வெடிகுண்டோடு பூட்டப்பட்ட அந்தக் கிடங்கில், குற்றுயிராகக் கிடக்கும் சிறுவன் அவளைத்தான் காப்பாற்ற முயல்கிறான். ஓவியர் ஜிம் அபாரோ வரைந்த அந்தப் பக்கங்களில் ஜேசனை வெறுக்க எந்தக் காரணமும் இல்லை. அவனைப் பிடிக்காத எழுத்தாளர்தான் இதையும் எழுதினார் என்பதால், ஸ்டார்லினைக் குறைசொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஜேசன் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் உடையாகவே இருந்தான். மூன்றாவது ராபினான டிம் டிரேக் 1989 இல் வந்தான். மார்வ் வுல்ஃப்மன் அவனை அறிவாளியாக, பொறுப்பானவனாக, பேட்மேனுக்கு ராபின் தேவை என்று தானே கண்டுணர்ந்தவனாக எழுதினார். வாசகர்கள் அவனை ஏற்றுக்கொண்டார்கள். ஜேசனின் பெயர் வரும்போதெல்லாம், அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கான எச்சரிக்கையாகவே வந்தது. இந்த நீண்ட மௌனத்தை ஒரு பெரிய அநியாயமாகவே நான் பார்க்கிறேன். பதினைந்து வயதுச் சிறுவனைப் போர்க்களத்துக்குக் கூட்டிப் போனவரின் பிழை மெல்ல மெல்லச் சிறுவனின் பிழையாகிவிட்டது.

2003 இல் ஜெஃப் லோபும் ஜிம் லீயும் ஒரு கதையில் ஜேசன் திரும்பி வந்துவிட்டதாக ஒரு கணம் காட்டி, அது உருமாறும் வில்லன் ஒருவனின் வேடம் என்று முடித்துவிட்டார்கள். அந்த வாய்ப்பை நிஜமாகவே எடுத்துக்கொண்டவர் ஜட் வினிக். 2005 இல் அவர் எழுதிய தொடரில் ரெட் ஹூட் என்ற பெயரில் முகமூடி அணிந்த ஒருவன் கோதமின் போதைப்பொருள் கும்பல்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறான், பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று கட்டளையிடுகிறான், மீறுபவர்களைக் கொல்கிறான். அந்த முகமூடிக்குள் இருப்பவன் ஜேசன். ரெட் ஹூட் என்பது ஜோக்கர் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர். தன்னைக் கொன்றவனின் பழைய பெயரையே அவன் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

வினிக் செய்த மிகச் சரியான காரியம் அவனைத் திருத்தாமல் விட்டதுதான். கோபக்காரன் என்றார்கள், அதே கோபத்தோடு வந்தான். சட்டம் தொடாதவர்களைத் தானே தண்டிப்பவன் என்று சந்தேகப்பட்டார்கள்; அந்தச் சந்தேகத்தை உண்மையாக்கி, அதையே தன் கொள்கையாக வைத்துக்கொண்டு வந்தான். 650 ஆம் இதழில் ஜோக்கரைக் கட்டிவைத்துக்கொண்டு பேட்மேனிடம் அவன் பேசும் காட்சியில் எல்லாம் வந்து சேர்கின்றன. தன்னைக் காப்பாற்ற முடியாமல் போனதை மன்னித்துவிட்டதாக அவன் சொல்கிறான். ஜோக்கர் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் அவனுடைய கேள்வி. மற்ற குற்றவாளிகளைக் கொல்லச் சொல்லவில்லை, இவன் ஒருவனை மட்டும், இவன் உங்களிடமிருந்து என்னைப் பறித்ததற்காக, என்கிறான். பேட்மேன் கொள்கை பேசுகிறார். ஒருமுறை அந்தப் பள்ளத்தில் இறங்கினால் தன்னால் திரும்பி ஏற முடியாது என்கிறார். அந்தப் பதில் சரியானதே. ஆனாலும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன் சொல்லும் பதிலாக அது போதவில்லை.

அந்தக் கேள்வி வெகுகாலமாக வாசகர்களின் கேள்வியாகவே இருந்தது. ஜோக்கரை ஏன் விட்டுவைக்கிறார் என்று பேட்மேன் வாசகர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். அதை எந்தப் பாத்திரத்தின் வாயில் வைத்தாலும் வாதமாகவே நின்றிருக்கும். வாசகர்களே தொலைபேசியை எடுத்துக் கொன்ற பிள்ளையின் வாயில் வைத்தபோது அது வழக்காகிவிட்டது. எழுத்தாளராக வினிக்கின் கூர்மை இங்கேதான் இருக்கிறது.

அவன் உயிர்த்தெழுந்த முறைக்குக் காமிக்ஸில் சொன்ன காரணம் மட்டும் மோசமானது. வேறொரு பெருந்தொடரில் சூப்பர்பாய் பிரைம் என்பவன் உலகங்களின் சுவரை அடித்தபோது எழுந்த அதிர்வில் ஜேசன் சவப்பெட்டிக்குள் விழித்துக்கொண்டான் என்று விளக்கினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010 இல், பிராண்டன் வியெட்டியின் இயக்கத்தில் இதே கதை அனிமேஷன் படமானபோது திரைக்கதையை வினிக்கே எழுதினார். ஒரு எழுத்தாளருக்குத் தன் கதையைத் தானே திருத்தி எழுத இப்படியொரு வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம். சுவர் அதிர்ந்த விளக்கத்தை அவர் தூக்கி எறிந்தார். பேட்மேனின் இன்னொரு எதிரியான ராஸ் அல் கூல் தன் திட்டத்துக்காக ஜோக்கரை ஏவிவிட்டு, சிறுவன் செத்ததும் குற்ற உணர்ச்சியில் உடலை எடுத்துப்போய், இறந்தவரை உயிர்ப்பிக்கும் லாசரஸ் குளத்தில் இறக்கினான் என்று ஆக்கினார். ஒருவன் செய்த தவறிலிருந்து அடுத்தது பிறப்பதால் கதை இறுக்கமாகிவிட்டது.

படத்தில் தாய் இல்லை. அது எனக்கு இழப்பாகவே தோன்றுகிறது; காட்டிக்கொடுத்தவளைக் காக்கப்போன சிறுவன் அங்கே இல்லாமல் போகிறான். அதற்கு ஈடாகப் பழைய நாட்கள் அவ்வப்போது வந்துபோகின்றன: பேட்மொபைலின் டயரைக் கழற்றும் குட்டிப்பையன், துள்ளிக் குதிக்கும் ராபின், பிறகு அளவுக்கு மீறி அடிக்கத் தொடங்கும் வளரிளம்பையன். காமிக்ஸில் பேட்மேன் வீசிய ஆயுதம் ஜேசனின் கழுத்தைக் கிழிக்கிறது. படத்தில் அது துப்பாக்கிக் குழாயை அடைத்து, துப்பாக்கி அவன் கையிலேயே வெடிக்கிறது. தந்தை மகனின் கழுத்தை அறுத்தார் என்ற கறை இப்படி நீங்குகிறது. கடைசிக் காட்சியில் ராபின் உடையை முதன்முதலாக அணிந்த அன்றைய ஜேசன் வந்து, தன் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல நாள் என்கிறான். காமிக்ஸை ஒருபோதும் தொடாத பெருங்கூட்டம் ஜேசனின்மீது பாசம் கொண்டது அந்த ஒரு நிமிடத்தால்தான் என்று நம்புகிறேன். குரல் கொடுத்த ஜென்சன் ஆக்கிள்ஸின் பங்கும் அதில் பெரிது. ஜோக்கரைப் பற்றிய அந்தப் பேச்சில் முகமூடி இல்லாத குரல் உடைவது எழுத்தில் வராத ஒன்று.

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த வகை மாற்றம் புதிதல்ல. முத்து காமிக்ஸ் 1972 இல் தொடங்கியபோது நமக்கு அறிமுகமான இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் 1962 இல் வெளிவந்த முதல் கதையில் கண்ணுக்குத் தெரியாத கொள்ளைக்காரன். எழுதும் கை மாறிய பிறகுதான் நீதியின் பக்கம் வந்தார். அதே பிரிட்டனிலிருந்து வந்த ஸ்பைடரும் குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கியவரே. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுத வந்த பிறகு குற்றத்தை எதிர்ப்பவரானார். ஆனால் அந்த இருவரையும் யாரும் வெறுக்கவில்லை. வில்லனாக இருந்தபோதே ரசித்தார்கள். ரசிக்கப்படும் வில்லனை நாயகனாக்குவதைவிட, சலிப்பும் எரிச்சலும் ஊட்டிய ஒரு நாயகனுக்கு அன்பைத் தேடித்தருவது பல மடங்கு கடினம்.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு வினிக்குக்குப் பின் வந்த சில ஆண்டுகளே சான்று. 2009 இல் ஒரு தொடர் ஜேசனைத் துப்பாக்கி ஏந்திய வெறிபிடித்த பேட்மேனாக்கியது. கிராண்ட் மாரிசன் அவனை விளம்பரம் தேடும் கொலைகாரனாக எழுதி, செம்பட்டை முடியையும் திருப்பிக் கொடுத்தார். மாரிசன் எனக்குப் பிடித்த எழுத்தாளர். இருந்தும் அந்த ஜேசனில் காயத்தைக் காணோம், வெறி மட்டுமே இருக்கிறது. கோபத்துக்கு அடியில் இருக்கும் வலியை எடுத்துவிட்டால், 1988 இல் வாசகர்கள் வெறுத்த அதே பையன்தான் மிஞ்சுகிறான். 2011 இல் தொடங்கிய ஸ்காட் லாப்டெல்லின் நீண்ட தொடரில் மேடும் பள்ளமும் உண்டு. 2016 இல் ஆர்ட்டெமிஸையும் பிசாரோவையும் அவனுக்குத் துணையாகக் கொடுத்து மறுபடி தொடங்கிய பகுதி மேடுகளில் உயர்ந்தது. ஒதுக்கப்பட்ட மூவர் ஒரு குடும்பமாகும் அந்தக் கதையில், குழந்தைமனம் கொண்ட பிசாரோவிடம் ஜேசன் காட்டும் பொறுமை, அவனுக்கு யாரும் காட்டாத பொறுமை.

மாரிசனே இன்னொரு திசையில் இதே வேலையைத் தொடங்கிவைத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். 2006 இல் அவர் கொண்டுவந்த பேட்மேனின் சொந்த மகன் டேமியன், வந்தவுடன் டிம் டிரேக்கை அடித்துப்போட்ட, ஒரு குற்றவாளியின் தலையைக் கொய்த, திமிர்பிடித்த பத்து வயதுச் சிறுவன். வாசகர்கள் கொதித்தார்கள். பிறகு மாரிசனும், 2011 முதல் பீட்டர் டொமாசியும் பேட்ரிக் கிளீசனும், அவனுக்கு ஒரு நாயையும், கேட்கத் தெரியாமல் கேட்கும் அன்பையும் கொடுத்தார்கள். 2013 இல் அவன் இறந்தபோது வாசகர்கள் துக்கப்பட்டார்கள். ஜேசனின் வழக்கிலிருந்து எழுத்தாளர்கள் பாடம் படித்திருந்தார்கள்.

2021 இல் தொடங்கிய வெப்டூன் என்னும் இணையக் காமிக்ஸ் தொடர் ஒன்றில் பேட்மேனின் மொத்தக் குடும்பமும் ஒரே வீட்டில் கலகலப்பாக வாழ்கிறது. அங்கே ஜேசன் முரட்டு வாய்க்குள் இளகிய மனம் கொண்ட அண்ணன். அதை ஆசையோடுதான் வாசிக்கிறேன், ஆனாலும் அவனை அங்கே மட்டுமே அறிந்தவர்களுக்காகக் கவலைப்படுகிறேன். அவனுடைய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பது அந்த வீட்டுச் சிரிப்பில் மறந்துபோகக்கூடும். 2020 இல் வியெட்டியே எடுத்த ஊடாடும் குறும்படம் ஒன்று, ஜேசன் சாக வேண்டுமா, தப்ப வேண்டுமா, காப்பாற்றப்பட வேண்டுமா என்று பார்ப்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது; எந்தத் தேர்வும் சுலபமான மகிழ்ச்சிக்குக் கொண்டுபோவதில்லை. 2023 இறுதியில் டிசி, ராபின் பிழைத்ததாக 1988 இலேயே தயாரித்து வைத்திருந்த பக்கங்களைச் சேர்த்து 428 ஆம் இதழை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஜே. எம். டிமாட்டீஸ் எழுத, ரிக் லியோனார்டி வரைய, அந்தப் பிழைத்த சிறுவனின் கதை நான்கு இதழ்களாகத் தொடர்ந்தது.

ஜேசனைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் 408, 424 ஆகிய இரண்டு இதழ்களையும் முதலில் படித்துவிட்டு, 426 முதல் 429 வரை போய், அதன் பிறகு வினிக்கின் தொடருக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். படத்தைக் கடைசியில் பாருங்கள். முதலிலேயே படத்தைப் பார்த்துவிட்டால் அவனை வெறுத்தவர்களின் இடத்தில் ஒரு நாளாவது நின்று பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காது. அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் வினிக் எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறார் என்பது முழுதாகப் புரியும்.